வலைக்கடியன்: ஒரு பெயரின் வரலாறு

பெரிய காஞ்சிபுரத்தின் தறிக்கூடங்களில் 'கோர்வை' என்றொரு சொல் வழங்குகிறது. சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து, இழையோடு இழை பிணைத்து இணைக்கும் முறைக்கு அப்பெயர். அதை வைத்தவர் எந்த அகராதிக்காரரும் அல்லர்; தறிக்குழியில் அமர்ந்த நெசவாளரே. பட்டைப் பற்றி நூல் எழுதியவர்கள் அச்சொல்லை அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். இதுபோலவே உழைக்கும் மக்களின் வாயில் பிறந்து, கடல் கடந்து, அறிவியல் நூல்களில் ஏறிய ஒரு பெயரைப் பற்றி இங்கே சிந்திப்போம். அது கடற்பாம்பு ஒன்றின் பெயர்.

பாம்பு என்றவுடன் நமக்குத் தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரமே நினைவுக்கு வருகிறது. ஆனால் அதற்கு முந்திய அதிகாரத்தில், உயிரினங்கள் மனிதன் முன் கொண்டுவரப்படுவதையும், அவன் அவற்றுக்குப் பெயரிடுவதையும் வாசிக்கிறோம். பெயரிட வேண்டுமானால் உற்றுநோக்க வேண்டும். உற்றுநோக்க வேண்டுமானால் அச்சத்தைச் சற்றே ஒதுக்கிவைக்க வேண்டும். நம் கடற்கரையில் அப்படி உற்றுநோக்கியவர்கள் இருந்தார்கள்.

1620 முதல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு, 1706-இல் லுத்தரன் மறைப்பணியாளர்கள் வந்தார்கள். அவர்கள் தமிழுக்கு ஆற்றிய அச்சுப்பணியை நாம் அறிவோம். இயற்கை ஆய்வுக்கு அவ்வூர் ஆற்றிய பணியை அவ்வளவாக அறியோம். லின்னேயசின் மாணவரான மருத்துவர் கோனிக் 1768-இல் அங்கு வந்து, தென்னிந்தியத் தாவரங்களை ஆராயத் தொடங்கினார். 1771 முதல் 1813-இல் இறக்கும்வரை அங்கே பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், மீன்களையும் பிற உயிரினங்களையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். கத்தாளை மீன்களில் ஓரினத்தொகுதி 'ஜானியஸ்' என்று அவர் பெயரையே தாங்குகிறது. இருதலைப் பாம்பு என்று நாம் தவறாக அழைக்கும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் அவர் நினைவு நிலைத்திருக்கிறது.

அப்பாம்புக்கு 1801-இல் ஜானின் பெயரைச் சூட்டியவர் பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இவருடையதே. 1785-இல் கோனிக் இறந்தபின், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் பொறுப்பு இவரிடம் வந்தது. எந்தப் பாம்பு நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது என்று மக்களுக்குத் தெளிவாக்குவதே அவர் நோக்கம். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1796-இல் வெளிவந்தது; கடற்பாம்புகள் இடம்பெற்ற இரண்டாம் பகுதி 1801 முதல் வெளிவரலாயிற்று. அதில் பாம்புகளின் வண்ணப் படங்களோடு, அந்தந்த ஊரார் வழங்கிய பெயர்களையும் தாம் கேட்டவாறே எழுதிவைத்தார். அவற்றுள் ஒன்று 'வலக்கடியென்'. தமிழ்ச்செவி அதை 'வலைக்கடியன்' என்றே கேட்கும். வலையில் சிக்கிக் கடிப்பவன்!

பெயர் அங்கே நின்றுவிடவில்லை. 1827-இல் அப்பாம்பின் அறிவியல் பெயராகவே 'வலகாடின்' என்பது அச்சேறியது. முந்திய பெயருக்கே முதலுரிமை என்னும் விதிப்படி, பிரெஞ்சு அறிஞர் டோடன் 1803-இல் இட்ட பெயரே இன்று ஏற்கப்படுகிறது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் விலங்கியலாரின் ஏடுகளில் நம் மீனவரின் சொல் உலவியது. ஜானும் ரஸ்ஸலும் வரலாற்றில் இடம்பெற்றார்கள். பாம்பைக் காட்டி அதன் பெயரைச் சொன்ன மனிதருக்கோ ஒரு வரிகூட இல்லை.

அந்த மனிதர் எவ்வளவு சரியாகக் கண்டிருந்தார் என்பதைப் பிற்கால ஆய்வு உணர்த்துகிறது. துடுப்புப் போன்ற வாலும், உடலின் பெரும்பகுதிக்கு நீளும் நுரையீரலும் கொண்ட இப்பாம்பு, கடலிலேயே குட்டி ஈனுகிறது. அந்தமான் தீவுகளில் கரையேறி முட்டையிடும் கடற்கட்டுவிரியனைப் போல இதற்கு நிலம் தேவையில்லை. இதன் முதன்மை உணவு கெளுத்தி வகை மீன்கள். அவற்றைத் தேடி இது உலவும் கலங்கிய ஆழமற்ற நீரும் கழிமுகங்களும்தாம் மீனவரும் வலைவிரிக்கும் இடங்கள். எனவே இருவரும் வலையில்தான் சந்திக்கிறார்கள்.

அச்சந்திப்பு இருவருக்கும் ஆபத்தானது. பினாங்கு மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், கடற்பாம்புக் கடியுற்ற மீனவர்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். நஞ்சு தசைகளைச் சிதைக்கிறது என்பதையும், பல கடிகளில் பாம்பு நஞ்சைச் செலுத்துவதேயில்லை என்பதையும் அவர் நிறுவினார். கடற்பாம்பு நஞ்சுக்கான முறிமருந்து ஆஸ்திரேலியாவில் தயாரிக்கப்பட்டது. அதற்கு அடிப்படை இதே வலைக்கடியனின் நஞ்சு. நம் நாட்டிலோ, செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-இல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துத் தருகிறது. இந்திய முறிமருந்து அந்நான்கிற்கே உரியது. வலைக்கடியனுக்குப் பெயர் தந்த கரையின் மீனவர், அதனிடம் கடிபட்டால் மூச்சுக்கருவியையும் சிறுநீரகச் சிகிச்சையையுமே நம்ப வேண்டியிருக்கிறது.

பாம்பின் நிலையும் நன்றாக இல்லை. நுரையீரலால் மூச்சுவிடும் அது அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் ஆழத்தில் இழுபடும்போது, உள்ளே சிக்கிய பாம்பு மூச்சுத்திணறி மடிகிறது. அதற்கிடையே, ஆஸ்திரேலியக் கடலில் இதே இனம் எனக் கருதப்பட்டது உண்மையில் வேறோர் இனம் என்று 2013-இல் மரபணு ஆய்வு காட்டியது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பெயரிடும் பணி முடியவில்லை. அதற்குள் வலைகள் முந்திக்கொள்கின்றன.

மராட்டியத்தின் சிந்துதுர்க் கரையில் ஆய்வாளர்கள் இன்று மீனவர்களோடு படகேறி, வலையில் வரும் கடற்பாம்புகளை அளந்து குறித்து வருகிறார்கள். நம் கரையிலும் அத்தகைய முயற்சிகள் பெருக வேண்டும். அப்போது ஏட்டில் பாம்பின் பெயரோடு, அதைச் சொன்னவரின் பெயரும் ஏறட்டும். பட்டுச்சேலையின் கோர்வையை வியக்கும் நாம் நெய்தவர் யாரென்று கேட்பது அரிது. கடலின் கோர்வையைக் கண்டு சொன்னவரைப் பற்றியும் நாம் கேட்டதில்லை. இனியேனும் கேட்போம்.