பெட்மனின் இரண்டு பெட்டிகள்

புகைப்படம் எடுப்பவன் இணையத்தில் சம்பாதிப்பது எப்படி என்று யோசனை சொல்பவர்கள் பெருத்துவிட்டார்கள். இன்ன தளத்தில் போடு, இத்தனை குறிச்சொற்கள் சேர், வாரத்துக்கு இத்தனை படம் அனுப்பு என்கிறார்கள். இந்த யோசனைகளில் சரித்திரம் கிடையாது. இந்த ஏற்பாடு எப்போது, யாருடைய சௌகரியத்துக்காக உண்டாயிற்று என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதேயில்லை. எழுதிக் காசு பார்த்திராத நமக்கு இந்தச் சரித்திரத்தில் அக்கறை இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. உண்டாக்குகிறவனுக்கும் சேர்த்து வைத்துக்கொள்கிறவனுக்கும் இடையில் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது நம்முடைய பிரச்னையும்தான்.

ஆட்டோ பெட்மன் பெர்லினில் ஓர் அரசுக் கலை நூலகத்தில் அரிய நூல்களின் பொறுப்பாளராக இருந்தவர். யூதர் என்பதால் 1933இல் வேலை போயிற்று. 1935இல் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது அவரிடம் இரண்டு பெட்டி நிறையப் படங்கள் இருந்தன. அடுத்த ஆண்டு அவற்றையே மூலதனமாக வைத்துக் கடை திறந்தார். பத்திரிகைக்காரனுக்கோ விளம்பரக்காரனுக்கோ அவசரமாக ஒரு படம் வேண்டுமென்றால் பெட்மனிடம் கிடைக்கும். அவர் விற்றதெல்லாம் பெரும்பாலும் பிறர் உண்டாக்கியவை. அவருடையது என்று சொல்லத்தக்கது அட்டவணை: எந்தப் படம் எங்கே இருக்கிறது, எதற்குப் பொருந்தும் என்கிற ஞாபகம். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை, பட்டியலிடுவதிலும் ஒரு மேதைமை உண்டு. ஆனால் பிற்பாடு நடந்ததற்கெல்லாம் விதை இந்தக் கடையில் இருக்கிறது.

1981இல் அவர் கடையை விற்றார். பில் கேட்ஸ் 1989இல் தொடங்கிய கம்பெனி ஒன்று பிற்பாடு கார்பிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வீட்டுச் சுவர்களில் திரைகளை மாட்டி உலகத்து ஓவியங்களையெல்லாம் அவற்றில் காட்டலாம் என்பது கேட்ஸின் ஆரம்ப எண்ணம். கார்பிஸ் 1995இல் பெட்மன் சேகரிப்பை வாங்கியபோது, இரண்டு பெட்டியாக வந்தது ஒரு கோடிக்கும் மேற்பட்ட படங்களாகப் பெருகியிருந்தது. அவை நியூயார்க்கில் கெட்டுக்கொண்டிருந்ததால் பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு மாற்றப்போவதாக 2001இல் அறிவித்தார்கள். தரைக்குக் கீழே 220 அடியில், உறைகுளிரில் அவை கிடக்கின்றன.

அதே 1995இல் லண்டனில் மார்க் கெட்டியும் ஜோனதன் க்ளைனும் இன்னொரு கம்பெனி தொடங்கினார்கள். மார்க் கெட்டி அமெரிக்க எண்ணெய்க் கோடீசுவரர் பால் கெட்டியின் பேரன். அறிவுச்சொத்துதான் 21ஆம் நூற்றாண்டின் எண்ணெய் என்று அவர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. தாத்தாவின் தொழில் எது என்பதைப் பேரன் மறக்கவில்லை.

இவர்களுக்கு முன்னாலிருந்த உலகம் எப்படிப்பட்டது? காப்பாவும் கார்த்தியே-பிரெஸ்ஸோனும் நண்பர்களோடு 1947இல் மேக்னம் கூட்டுறவைத் தொடங்கியபோது அவர்கள் பிடிவாதமாக நின்ற விஷயம் ஒன்று: படத்தின் உரிமை எடுத்தவனிடமே இருக்கும், பத்திரிகைக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ள அனுமதி மட்டும். சாதாரண ஏஜென்ஸிகளிலும் விலை என்பது உபயோகத்தைப் பொறுத்தது. அட்டையிலா உள்ளேயா, எத்தனை பிரதி, எந்த நாடு, எத்தனை மாதம் என்றெல்லாம் கேட்டுத்தான் விலை சொல்வார்கள். வந்ததில் ஏறக்குறையப் பாதி எடுத்தவனுக்கு. ஒரே படம் பலமுறை சம்பாதித்துக் கொடுக்கும். வயதான காலத்தில் ஒருவனுக்குப் பென்ஷன் மாதிரி.

இதை முதலில் உடைத்தது இணையமல்ல, குறுந்தகடு. 1990களின் தொடக்கத்தில் சியாட்டிலில் ஃபோட்டோடிஸ்க் என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான படங்களை ஒரே தகட்டில் போட்டு விற்றது. ஒருமுறை பணம், பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளலாம். இதற்கு 'ராயல்டி ஃப்ரீ' என்று பெயர். விடுதலை யாருக்கு என்பதை அந்தப் பெயரைக் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும். கெட்டி அதையும் 1998இல் தன்னோடு இணைத்துக்கொண்டது.

கதையில் எனக்கு மிகவும் சுவாரசியமான இடம் 2000. கனடாவில் கால்கரி நகரத்தில் ப்ரூஸ் லிவிங்ஸ்டன் என்பவர் ஐஸ்டாக்ஃபோட்டோ என்ற தளத்தை ஆரம்பிக்கிறார். ஆரம்பத்தில் அங்கே பணமே கிடையாது. நீ ஒன்றைப் போடு, நான் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன் என்ற பண்டமாற்று. கிட்டத்தட்ட ஒரு சிறுபத்திரிகைக் கும்பல் மாதிரிதான். ஒருவர் படத்தை ஒருவர் விமர்சித்தார்கள், சண்டை போட்டார்கள். தளத்தை நடத்தும் செலவு கூடியதும் ஒரு படத்துக்கு 25 சென்ட் வசூலிக்கத் தொடங்கினார்கள். எடுத்தவனுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஏஜென்ஸியில் 100 டாலர், 150 டாலர் கொடுத்துப் படம் வாங்கிக்கொண்டிருந்த இடங்கள் இந்தப் பக்கம் திரும்பின. 2006இல் கெட்டி இதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. நண்பர்கள் தங்களுக்குள் இலவசமாகக் கொடுத்துக்கொண்டதிலிருந்து திரண்ட சொத்து அது. 2013இல் மாண்ட்ரியாலில் பத்தே பத்து இலவசப் படங்களோடு தொடங்கிய அன்ஸ்பிளாஷும் 2021இல் அதே வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இடையில் 2003இல் நியூயார்க்கில் ஜான் ஆரிஞ்சர் தானே எடுத்த 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். அவர் கண்டுபிடித்தது சந்தா. (நம் பத்திரிகைகள் சந்தாவை நம்பிச் சாகின்றன; அவருடையது 2012இல் பங்குச் சந்தைக்குப் போயிற்று.) புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஒரு பதிவிறக்கத்துக்குப் பல ஆண்டுகள் 25 சென்ட் கிடைத்தது. 2020 ஜூனில் விகிதத்தை மாற்றினார்கள். குறைந்தபட்சம் 10 சென்ட், அதாவது ஏழெட்டு ரூபாய். விற்பனை கூடினால் பங்கின் சதவிகிதம் படிப்படியாக உயரும். ஆனால் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லோரும் முதல் படியிலிருந்து மறுபடி ஏறியாக வேண்டும். எதிர்ப்புக் காட்டிப் பலர் தங்கள் படங்களை எடுத்துக்கொண்டார்கள். கிடங்கு அதனால் காலியாகிவிடவில்லை.

இதையெல்லாம் சொல்லிப் பழைய ஏஜென்ஸி காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நேர்மையாகாது. அது ஒரு மூடிய அறை. நியூயார்க், லண்டன், பாரிஸ் என்று சில ஊர்களில் சிலருக்கு மட்டும் கதவு திறக்கும். கும்பகோணம் பக்கத்தில் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஸ்டுடியோக்காரரை எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அவர் எந்த ஏஜென்ஸிக்கு எழுதியிருந்தாலும் பதில் வந்திருக்காது. இப்போது அவர் மஞ்சள் கிழங்கு, குத்துவிளக்கு, கோலம் என்று படம் எடுத்து அனுப்புகிறார். மாதம் ஒரு சிறு தொகை வருகிறது. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைப் பரிகசிக்க நான் தயாராக இல்லை.

ஆனால் அந்தப் படங்களுக்கு என்ன ஆகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். விளம்பரத்துக்குப் போகிற படமென்றால் கடைப் பெயர்ப் பலகை, கம்பெனிச் சின்னம் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அழித்துவிட வேண்டும். முகம் தெரிந்தால் அந்த ஆளிடம் சம்மதக் கையெழுத்து வேண்டும். கோலம் போடுகிற கிழவி அவருடைய சொந்த அத்தை. படத்துக்குக் கீழே போகிற சொற்கள்: இந்தியா, பெண், பாரம்பரியம், மகிழ்ச்சி. தெருவும் வருஷமும் போய்விட்டன, அத்தையும் போய்விட்டாள். அந்தப் படத்தை ஒரு வங்கியும் ஒரு மசாலாக் கம்பெனியும் ஒரு யோகா வகுப்பும் வாங்கலாம். வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து சென்ட் விலையில் கட்டுப்படியாகாது. விலை இறங்க இறங்க, ஒரு படம் எல்லாருக்கும் பொருந்தியாக வேண்டிய கட்டாயம் ஏறுகிறது. பத்திரிகைக் கதை எழுத்தாளர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

எதிர் உதாரணமாகச் சிலர் சார்ல்ஸ் ஓரியரைக் காட்டுவார்கள். 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஸோனோமா பகுதியில் காரில் போகும்போது அவர் பிலிமில் எடுத்த பச்சைக் குன்றும் நீல வானமும்தான் 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் திரையில் உலகம் முழுக்கப் பார்க்கப்பட்டது. பூச்சி விழுந்து திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிப் போட்ட பின் புல் முளைத்த குன்று அது என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் பெருந்தொகை கொடுத்தது. எவ்வளவு என்று சொல்ல அவருக்கு அனுமதியில்லை. ஓரியர் தானும் சேர்ந்து நிறுவிய ஏஜென்ஸியில் வைத்த படம் கார்பிஸ் வழியாக விற்றது. இது பழைய உலகத்தின் கடைசி அதிர்ஷ்டம். புதிய வழிக்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது.

புதிய உலகத்துக்குப் பொருத்தமான உதாரணம் கேரல் ஹைஸ்மித். அமெரிக்கா முழுவதும் சுற்றி எடுத்த படங்களைக் காங்கிரஸ் நூலகத்துக்கு, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் கொடுத்துவந்தார். 2015 டிசம்பரில் அவருடைய அமைப்புக்கு ஒரு கடிதம் வந்தது: இன்ன படத்தை அனுமதியின்றிப் போட்டிருக்கிறீர்கள், 120 டாலர் கட்டுங்கள். அவரே எடுத்த படம் அது. 18,000க்கும் மேற்பட்ட தன் படங்களைக் கெட்டி விலைக்கு வைத்திருப்பதாகச் சொல்லி 2016இல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பொதுச்சொத்தாகிவிட்டதை எவரும் விற்கலாம் என்பது எதிர்த்தரப்பு வாதம். முக்கியமான கோரிக்கைகள் தள்ளுபடியாயின, மிச்சம் சமரசத்தில் முடிந்தது. அதே 2016இல் கார்பிஸ் தன் படங்களை ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றது. தியானன்மென் சதுக்கத்துப் படங்களும் அதில் அடக்கம். ஹிட்லரிடமிருந்து தப்பிய பெட்டிகள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்கப் பெட்மன் உயிரோடில்லை, 1998இல் இறந்துவிட்டார்.

வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். மேக்னம்காரர்கள் ஆறு அங்குலச் சதுரப் பிரதிகளைக் கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்துக்கு மட்டும் 100 டாலருக்கு இணையத்தில் விற்றார்கள், நன்றாகவே விற்றது. அங்கே விலைபோனது பெயர். அந்தப் பெயரை உண்டாக்கிய வாரப் பத்திரிகைகளில் பெரியதான லைஃப் 1972லேயே வாரப் பத்திரிகையாக வருவதை நிறுத்திவிட்டது.

இப்போது கிடங்குக்கு இன்னொரு வாடிக்கைக்காரன் வந்திருக்கிறான். அவன் படத்தைப் பார்ப்பதில்லை, இயந்திரத்துக்கு ஊட்டுகிறான். ஷட்டர்ஸ்டாக் தன் படங்களை அதற்காக விற்று, 2022இல் படம் கொடுத்தவர்களுக்கென்று ஒரு நிதியும் அறிவித்தது. கெட்டி 2023இல் ஸ்டெபிலிட்டி ஏஐ மீது லண்டனில் வழக்குத் தொடுத்தது. இயந்திரம் வரைந்த படங்களில் கெட்டியின் முத்திரை கோணல்மாணலாகத் தெரிந்ததும் அதில் ஒரு சாட்சியம். 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு பெரும்பாலும் கெட்டிக்கு எதிராகவே இருந்தது. முத்திரை சம்பந்தப்பட்ட சிறு பகுதியில் மட்டும் அதற்குச் சாதகம். ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டியும் ஒன்றாக இணையப்போவதாக அந்த ஆண்டு ஜனவரியிலேயே அறிவித்திருந்தன. ஸ்டுடியோக்காரரிடம் இதைச் சொன்னேன். அப்படியானால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுமா, ஒரே படத்துக்கு இரண்டு இடத்தில் காசு வராதா என்று கேட்டார்.