துத்தநாகத் துப்பாக்கிகள்

ஓடும் பஸ் திடீரென்று நின்றால், நின்றுகொண்டிருக்கும் பயணி முன்னால் சாய்கிறார். இதற்குக் காரணம் நிலைமம் என்று படித்திருக்கிறீர்கள். கைநழுவித் தரையில் விழும் கைத்துப்பாக்கிக்குள்ளும் இப்படி ஒரு பயணி உண்டு. தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்க வைக்கும் சிறு ஊசிதான் அது. துப்பாக்கி தரையில் மோதி நின்றுவிடும். ஊசி தொடர்ந்து ஓடப் பார்க்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. ஊசியின் எடை 5 கிராம் என்று கொண்டால், அதன் இயக்க ஆற்றல் 0.05 ஜூல். இதை அடக்க நல்ல சுருள்வில் வேண்டும். விசையை இழுத்தாலன்றி விலகாத ஒரு தடுப்புக் கட்டையும் இருந்தால் இன்னும் நல்லது. கோல்ட் நிறுவனம் தன் புகழ்பெற்ற 45 காலிபர் துப்பாக்கியில் இத்தகைய தடுப்பை 1983-இல் சேர்த்தது. மலிவு விலைத் துப்பாக்கிகளில் முதலில் விட்டுப்போவது இத்தகைய சிறு பாகங்களே.

இந்த மலிவுத் துப்பாக்கிகள் பெருகியதற்கு ஒரு சட்டமே வழிவிட்டது. 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மட்டமான சிறு துப்பாக்கிகள் வெளிநாட்டிலிருந்து வருவதைத் தடுத்தது. உள்நாட்டில் அவற்றைச் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை! சந்தை காலியாக இருந்தது. 1970-இல் ரேவன் நிறுவனம் தோன்றியது. பிறகு ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லார்சின் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றிலும் பல நிறுவனங்கள் முளைத்தன. 'நெருப்பு வளையம்' என்று இவற்றுக்குப் பெயர் வந்தது. 1992-இல் அமெரிக்காவில் தயாரான கைத்துப்பாக்கிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவற்றுடையது.

விலை எப்படிக் குறைந்தது? எஃகைக் கடைந்தெடுக்க நேரமும் கூலியும் ஆகும். துத்தநாகக் கலவையோ சுமார் 385 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அச்சில் செலுத்தினால் பாகம் தயார். இதைக் கெட்ட பொருள் என்று சொல்லமாட்டேன். தண்ணீர்க் குழாய்த் திருகும் கார்புரேட்டரும் இதில் வார்க்கப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு வெடிப்பிலும் அதிர்ந்து, பின்னுக்குப் பாய்ந்து திரும்பும் பாகத்திற்கு எஃகின் உறுதி இதனிடம் இல்லை. தென் கரோலினா போன்ற சில மாநிலங்கள் உருகுநிலையையே அளவுகோலாக்கின: 800 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் (427 டிகிரி செல்சியஸ்) கீழே உருகும் வார்ப்புத் துப்பாக்கியை விற்கக்கூடாது. இயற்பியல் ஆசிரியருக்கு இப்படி ஒரு சட்டம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. உருகுநிலை வேறு, உறுதி வேறு அல்லவா?

1972-இல் அமைந்த நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குப் பொம்மைத் துப்பாக்கியைக் கேள்வி கேட்க அதிகாரம் உண்டு. நிஜத் துப்பாக்கி அதன் வரம்பிலேயே இல்லை.

1994-இல் கலிபோர்னியாவில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் அருகில் இருக்க, குடும்பத்துக்குத் தெரிந்த இளைஞர் ஒரு பிரைகோ துப்பாக்கியிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்க முயன்றார். அந்த மாதிரியில் காப்பு விசை பூட்டியிருந்தால் மேலுறையைப் பின்னுக்கு இழுக்க முடியாது. அதாவது, தோட்டாவை அகற்ற வேண்டுமானால் முதலில் துப்பாக்கியைச் சுடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்! குண்டு பாய்ந்தது, சிறுவனின் உடல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. தோட்டா சிக்கிக்கொள்ளும் கோளாறை மறைக்கவே காப்பு விசையை இப்படி மாற்றினார்கள் என்று அவன் தரப்பு வழக்கில் வாதிட்டது.

இதற்கிடையே 2001 முதல் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வரும் புதிய மாதிரிகளுக்குச் சோதனை வந்தது. வெடிமருந்தும் குண்டும் இல்லாத, பின்புற வெடிமூடி மட்டுமுள்ள தோட்டாவை இட்டு, 1 மீட்டர் 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் ஆறு கோணங்களில் போடுகிறார்கள். வெடிமூடி வெடித்தால் மாதிரி தோற்றது. 600 முறை சுட்டும் பார்க்கிறார்கள். கோளாறு ஆறு தடவைக்கு மேல் வரக்கூடாது.

2003-இல் ஜூரி அளித்த தீர்ப்பின்படி பிரைகோ தரப்பின் பங்கு சுமார் 2.4 கோடி டாலர். நிறுவனம் திவாலாகி, 2004-இல் ஏலத்துக்கு வந்தது. எஞ்சிய துப்பாக்கிகளை வாங்கி உருக்கிவிட வேண்டுமென்று சிறுவன் தரப்பு நன்கொடை திரட்டி ஏலம் கேட்டது. 5,10,000 டாலருக்கு அதை எடுத்தவர் அதே தொழிற்சாலையின் பழைய மேற்பார்வையாளர். புதிய பெயரில் உற்பத்தி தொடர்ந்தது. 2020-இல் அந்த நிறுவனமும் திவால் மனு கொடுத்தது.