கணக்கு நூலில் நகைச்சுவை

கணக்கு நூல் என்றவுடன் வறட்சியே பலர் நினைவுக்கு வரும். எண்ணும் விடையுமன்றி வேறொன்றும் அங்கு இராது என்பர். சோழநாட்டுக் கொறுக்கையூர்க் காரிநாயனார் செய்யுளில் இயற்றிய கணக்கதிகாரம் அக்கருத்தைப் பொய்யாக்குகின்றது. நிலம், பொன், நெல் முதலியவற்றை அளக்கும் முறைகளைக் கூறும் நூல் அது. ஊர்க்கணக்கரும் வணிகரும் பிழையின்றி அறிய வேண்டியவை அவை. அத்தகைய நூலின் நடுவே பூசணிக்காயும் பலாப்பழமும் வந்து நிற்கின்றன.

பூசணிக்காயை உடையாமலே அதன் விதைகளை எண்ண வழி கூறுகிறார் புலவர். காயின் கீற்றுகளை எண்ணி, மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் பெருக்கி, பாதியாக்கி, மீண்டும் மூன்றால் வகுக்க வேண்டும். கீற்று 12 எனில் 36, 216, 1080 என்று ஏறி, 540க்கு இறங்கி, 180இல் முடியும். கூர்ந்து நோக்கும் மாணவன் இவ்விடத்தில் புன்முறுவல் பூப்பான். முன்னர்ப் பெருக்கிய மூன்றைப் பின்னர் வகுத்த மூன்று விழுங்கிவிட்டது. மிஞ்சியது கீற்றுக்குப் பதினைந்து விதை என்பதே! இத்துணை ஏற்ற இறக்கமும் ஓர் எளிய பெருக்கலுக்கு. எனினும், காரணிகளை நீக்கிச் சுருக்கும் வித்தையை அவன் சிரித்துக்கொண்டே கற்றுவிடுகிறான்.

பலாப்பழத்திற்கும் இவ்வாறே. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை வரும் என்கிறது நூல். முள் 100 எனில் சுளை 120. பழங்கள் எல்லாம் இவ்விதிக்குக் கட்டுப்படுமோ எனின், படா. ஆனால் அதே நூல், வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு வரும் என்றும் உரைக்கின்றது. இது எவ்வட்டத்திற்கும் பொருந்தும் விதி. ஒன்று உத்தேசம், மற்றொன்று உண்மை. இவ்வேறுபாட்டை உணர்த்தப் பலாப்பழத்தினும் சிறந்த கருவி வேறில்லை. அறுத்துப் பார்த்தால் போதும்.

இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. பாஸ்கராசாரியார் 1150இல் இயற்றிய லீலாவதியிலும் வண்டுக் கூட்டம் ஒன்று உண்டு. ஐந்தில் ஒரு பங்கு ஒரு மலருக்கும், மூன்றில் ஒரு பங்கு வேறொரு மலருக்கும், அவ்விரண்டின் வேறுபாட்டைப் போல் மும்மடங்கு பிறிதொன்றுக்கும் செல்ல, எஞ்சிய ஒற்றை வண்டு இரு மணங்களுக்கிடையே மயங்கித் திரிகின்றது. வண்டுகள் மொத்தம் 15. மயங்கும் வண்டை நினைப்பவன் பின்னக்கணக்கை மறவான்.

ஏடும் எழுத்தாணியும் வழங்கிய காலத்தில் கணக்கு நெஞ்சிலேயே தங்க வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி அமைத்த நகரத்தார், மா, காணி, முந்திரி என்னும் பின்னங்களை மனப்பாடமாகக் கற்கும் மரபில் வந்தவர்கள். மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஓசையும் வேடிக்கையும் அம்மனப்பாடத்தின் சுமையைக் குறைத்தன.

இன்று சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கணிதம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. தமிழ் தாய்மொழிப் பாடமாக நிற்கின்றது. ஆதலின், தமிழ் பாட்டுக்கும் பண்டிகைக்கும் உரியது, எண்ணுக்கு உரியதன்று என்று பிள்ளைகள் எண்ணிவிடுதல் கூடும். அவ்வெண்ணத்தை மாற்ற நீண்ட சொற்பொழிவு வேண்டா. தேக்கா சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி வகுப்பிற்குக் கொணர்க. பிள்ளைகள் கீற்றெண்ணிக் கணக்கிட்டபின் காயை வெட்டி விதைகளையும் எண்ணட்டும். காரிநாயனார் வென்றாலும் தோற்றாலும் அன்று தமிழ் வகுப்பில் கணக்கு நடந்திருக்கும்.