மார்க் ட்வைன் அடைச்ச கடன்

'டாம் சாயர்' எழுதின மார்க் ட்வைன் இந்தியா வந்தது ஊர் சுத்திப் பார்க்க இல்லீங்க, கடன் அடைக்க!

1894-ல் அவரோட பதிப்பகம் திவால். இருக்கிற சொத்தை ஒப்படைச்சுட்டு, திவால் சட்டத்தைக் காட்டி ஒதுங்கியிருக்கலாம். ஆனா வாங்கின காசை முழுசாத் திருப்பித் தரணும்னு அவரும் மனைவி ஒலிவியாவும் உறுதியா நின்னாங்க.

1895-ல், 59 வயசில், ஊர் ஊராகப் பேசிச் சம்பாதிக்கக் கிளம்பினார். 1896-ல் பம்பாய், கல்கத்தான்னு மேடையேறிச் சிரிக்க வைத்தார். பயணம் முடிஞ்சு இங்கிலாந்தில் இருந்தபோது, அமெரிக்காவில் விட்டுவந்த மூத்த மகள் சூசி 24 வயசில் இறந்துபோன சேதி வந்தது. கடைசியா முகம்கூடப் பார்க்க முடியல.

1898-ல் கடன் மொத்தமும் அடைஞ்சது. கடன் கொடுத்தவங்க யாருக்கும் பாக்கி இல்லை.

சூசிக்கு?

நானா இருந்தா சட்டம் சொன்னதோட நின்னிருப்பேன். நீங்க?