நடுவுல எதுக்கு ஒரு கம்பம்?

போன சாரல் சீசன்ல, குற்றாலம் ஐந்தருவி ரோட்டுல இருக்கற படகு குழாம்ல பெடல் போட் மிதிச்சிட்டிருந்தேன். அமெரிக்காவுல இருக்கற தென்காசி நண்பன் வீடியோ கால்ல வந்தான். செகண்ட் ஹேண்ட்ல ஸ்கீ போட் ஒண்ணு வாங்கியிருக்கான்.

"ஏல, படகு நடுவுல ஒரு கம்பம் நிக்கு. இடைஞ்சலா இருக்கு, கழட்டிரவா?"

கோட்ல புரியாத வரி இருந்தா, அழிக்கறதுக்கு முன்னாடி அது ஏன் வந்துச்சுன்னு பார்ப்போம்ல? தேடினேன்.

1922 ஜூலை 2. மின்னசோட்டாவின் பெப்பின் ஏரியில், 18 வயசு ரால்ஃப் சாமுவேல்சன் பைன் பலகைகள்ல நின்னு, படகு இழுக்க, தண்ணி மேல சறுக்கினார். அன்னிக்கு இதுக்குன்னு தனிப் படகு கிடையாது. சாதாரணப் படகோட பின்முனையில கயிறு கட்டினா, சறுக்கறவர் பக்கவாட்டுல போறப்போ படகோட வாலையும் சேர்த்து இழுப்பார். நேரா ஓட்டறது கஷ்டம். அதனாலதான் பின்னாடி வந்த ஸ்கீ போட்கள்ல கயிறு கட்டற கம்பம் நடுவுக்கு வந்துச்சு. எஞ்சினும் நடுவுக்கு வந்ததால பின்பக்க எடை குறைஞ்சு, படகு கிளப்பற அலையும் சின்னதாச்சு.

"கம்பத்துல கை வைக்காதல. ஆமா, பின்னாடி அடியில தண்ணி வடியற ஓட்டைக்கு மூடி போட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அந்த மூடி அதுக்குத்தானா? நல்லவேளை, நாளைக்குத்தாம்ல தண்ணியில இறக்கணும்!"