ஹல்துமுல்லைச் சரிவில் குடியேறியவர்கள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வெல்லவாயாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, ஊவா மாகாணத்துக்குள் புகுந்து பெரகலைச் சந்தியை எட்டுவதற்குச் சற்று முன்பாக, ஹல்துமுல்லை என்ற சிற்றூரைக் கடந்து போகிறது. அங்கே நின்று வடக்கே அண்ணாந்து பார்ப்பவனுக்கு அப்புத்தளை மலையின் செங்குத்தான முகம் தெரியும். தெற்கே திரும்பினால், காலடியிலிருந்து நிலமே விலகிப் போனதுபோல் மலை சட்டென்று இறங்கி, அதற்கப்பால் சமவெளியும் குளங்களும், வானம் தெளிந்த நாட்களில் தென்கடலின் விளிம்பும் புலப்படும். தேயிலைக்கு முன் இந்தப் பிரதேசத்தில் ஒன்றுமே இருந்ததில்லை என்பது போலப் பேசுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது, அது சரியன்று. அருகிலுள்ள கட்டுகொடெல்லையில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. சொரகுணையில் பழைமையான ஒரு தேவாலயமும் அதைச் சார்ந்த கிராமமும் இருக்கின்றன. ஆனால் இங்கே நாம் விசாரிக்கப்போவது அவற்றின் சரித்திரத்தை அல்ல. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து, மலை என்பதையே அறியாத கிராமங்களிலிருந்து வந்து, இந்தச் சரிவில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஜனங்களின் சரித்திரத்தையே.

1817ஆம் ஆண்டில் மூண்டு அடுத்த ஆண்டில் அடக்கப்பட்ட ஊவாக் கலகத்திற்குப் பிறகு, வயல்கள் பாழ்பட்டும் குடிகள் சிதறியும் கிடந்த இந்த மாகாணத்தில், பரம்பரையாகச் சேனைப் பயிர் செய்து வந்த மலைக்காடுகளுக்கு உறுதிப் பத்திரம் காட்ட முடியாத கிராமத்தாரின் உரிமையை, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அரசாங்கத்தின் கைக்கு மாற்றியது. அவ்வாறு கைமாறிய காடுகள் வெள்ளைக்காரத் துரைமாருக்கு விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. கோப்பி விளைந்த காலத்தில் இங்கு வந்த தமிழரைக் குடியேறியவர்கள் என்று சொல்வதற்கில்லை. கோப்பிப் பழத்துக்குப் பருவமுண்டு; பழம் பழுக்கும் சில மாதங்களுக்குத் திரளான ஆட்கள் வேண்டும், பிறகு வேண்டாம். ஆதலால் பெரும்பாலும் ஆண்களே வந்தார்கள்; மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையில் காட்டுவழியே நடந்து, அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்து போய், கூலியை முடிந்துகொண்டு அதே வழியில் திரும்பினார்கள். ஊவாவுக்கு வரவேண்டியவர்களுக்கு மாத்தளையிலும் பயணம் முடிந்தபாடில்லை. இன்னும் பல மலைகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது. குடிநீர் அரிதாயிருந்த அந்த வடக்குப் பாதையில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வீழ்ந்தவர்களின் தொகையைப் பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தொகை எதுவானாலும், வழி நெடுகப் புதைகுழிகள் இருந்தன என்பதில் வாதமில்லை.

1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் தோன்றிய செந்தூள் நோய், பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரையே அழித்துவிட்டது. அந்நோய் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பெருமளவில் பயிரிட்டிருந்தார். கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டதைத் துரைமாரின் சாமர்த்தியமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் ஜனங்களின் வாழ்க்கையை நோக்குமிடத்து, அதில் வேறொரு விசேஷம் இருக்கிறது. தேயிலைக்கு ஓய்வென்பதில்லை. பறித்த செடியில் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் மறுபடியும் கொழுந்து வந்து நிற்கும். ஆண்டு முழுவதும் அதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிள்ளுவதற்குப் பெண்களின் விரல்களே தகுந்தவை என்று துரைமார் முடிவு செய்தார்கள். பெண்கள் வந்தபோது குழந்தைகளும் வந்தன. குழந்தைகள் வந்தபின் திரும்பிப் போவது ஆண்டுதோறும் தள்ளிப் போயிற்று. இந்த மலைகளில் தமிழ்க் குடியேற்றம் உண்டானதற்கு எந்த மனிதருடைய தீர்மானத்தையும்விட, அந்தச் செடியின் சுபாவமே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். 1890ஆம் ஆண்டில் தாமஸ் லிப்டன் என்ற கிளாஸ்கோ வியாபாரி வந்து தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கி, உயரத்து மலைகளில் பறித்த கொழுந்தைக் கம்பிவழியே தொழிற்சாலைக்கு இறக்க ஏற்பாடு செய்தார். 1893இல் புகையிரதம் அப்புத்தளை வரையில் வந்தது. இருபத்தோராண்டுகள் கழித்துத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியபின், வடக்குப் பாதையில் பல நாள் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் புகைவண்டியில் உட்கார்ந்தபடியே மலையேறினார்கள்.

அப்படி வந்து இறங்கியவன் கையில் பணத்துக்குப் பதிலாகக் கடன் இருந்தது. ஊரில் ஆள் கட்டிய கங்காணி, வழிச்செலவையும் வீட்டில் விட்டுவந்த முன்பணத்தையும் அவன் பேரில் எழுதிவைத்திருப்பான். அந்தக் கணக்கைச் சுமந்த ‘துண்டு’ என்ற காகிதமே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு ஆட்களைக் கைமாற்றும் கருவியாக வழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்ன மாவட்டம், இன்ன தோட்டம் என்று குறிக்கும் தகரத் துண்டு ஒன்றையும் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் சில நாட்கள் அடைத்துவைத்துப் பரிசோதித்த பின்னரே கப்பலேற்றினார்கள்.

தோட்டத்தில் அவனுக்குக் கிடைத்த இருப்பிடம் லயத்தில் ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில், நீண்ட ஒரே கூரையின் கீழ், சில இடங்களில் முதுகுக்கு முதுகு ஒட்டியவாறு இரண்டு வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளில், சமையலும் உறக்கமும் பிரசவமும் மரணமும் அந்த ஓர் இடத்திலேயே நடந்தன. முன்னாலிருந்த குறுகிய இஸ்தோப்பில் விறகும் ஆடும் விருந்தாளியும் தங்க வேண்டும். மேட்டு நிலத்து வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு முதலில் எதிரியாக வந்தது குளிர், அதன் பிறகு அட்டை. கறுப்புக் கம்பளி ஒன்றே மழைக்குக் குடையாகவும் இரவுக்குப் போர்வையாகவும் கொழுந்துக் கூடைக்கு முதுகுத் தாங்கலாகவும் உதவிற்று. அதன் விலையும் கணக்கில் ஏறியது. விடியுமுன் தப்பு முழங்கும். எல்லோரும் பெரட்டுக் களத்தில் கூட வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளை அன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடுவார். செக்ரோல் என்ற பதிவேட்டில் முழுப்பேர் விழுந்தால் நாட்கூலி, நிறுவை குறைந்தால் அரைப்பேர். துரை பேசிய தமிழும் ஒரு தனித் தமிழ். புதிதாக வரும் சின்னத்துரைமார் படிப்பதற்கென்று ‘இங்கே வா’ என்ற தலைப்பிலேயே ஒரு கையேடு அச்சாகியிருந்தது என்றால், அந்த மொழியில் எந்த வினைச்சொற்கள் மிகுதி என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனை நெருக்கத்துக்குள்ளும் ஊர் ஒன்று முளைத்தது. ஹல்துமுல்லைப் பகுதியில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், லயங்களுக்குச் சற்று மேலே, மரமொன்றின் அடியில் கல்லாகத் தொடங்கிப் பின் கூரையும் கோபுரமும் பெற்ற ஒரு மாரியம்மன் கோயிலைக் காணலாம். மாசி மாதத்தில் காமனை ஊன்றி, ரதியும் மன்மதனும் வேடமிட்டு இரவிரவாக ஆடும் காமன் கூத்து, தாய்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் மங்கிப்போன பிறகும் இந்த மலைகளில் ஒளி குன்றாமல் நடந்துவந்திருக்கிறது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அப்படியே. கொண்டுவந்தவை எல்லாம் மேன்மையானவை என்று சொல்வதற்கில்லை. கங்காணியின் ஜாதிக்கு ஒரு லயம், மற்றவர்களுக்கு வேறு லயம் என்ற பாகுபாடும் கப்பலேறி வந்தது. நிர்வாகத்துக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஊவாவின் தென்சரிவில் இறங்கியவர்களுக்கு, மற்ற மலைநாட்டுத் தோட்டத்தாருக்கு அவ்வளவு எளிதில் வாய்க்காத ஒரு பாக்கியமும் இருந்தது. அவர்கள் நின்ற மலைக்குக் கீழே, வெல்லவாயாவுக்கும் புத்தலைக்கும் அப்பால் உள்ள காட்டில், கதிர்காமம் இருக்கிறது. காடுகடந்து, கடல்கடந்து, பாஷை தெரியாத ஒரு தேசத்துக்கு வந்து சேர்ந்த ஜனங்கள், தங்களுக்கு முன்னரே முருகன் அங்கே வந்து வள்ளியை மணந்து குடியிருக்கிறான் என்று கேட்டபோது, அவர்களுக்கு உண்டான ஆறுதலை எந்தக் குடிவரவுச் சட்டத்தாலும் அளிக்க முடியாது. ஆடி மாதம் பிறந்ததும், அரிசியும் கருவாடு படாத புதுச்சட்டியும் கட்டிக்கொண்டு, கொஸ்லந்தை வழியாக மலையை விட்டு இறங்கி, வெயில் காயும் சமவெளியில் நாட்கணக்காக நடந்தார்கள். வாந்திபேதி பரவுவதற்கு அஞ்சிய அரசாங்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாத்திரிகரைக் கட்டுப்படுத்தச் சட்டதிட்டங்கள் வகுத்தது. பின்னாளில் ஆங்கில இலக்கிய உலகில் பெயர்பெற்ற லெனாட் வூல்ப், 1908 முதல் 1911 வரையில் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக உத்தியோகம் பார்த்தபோது, இந்தத் திருவிழாவை மேற்பார்வை செய்யும் கடமை அவருக்கும் வந்தது. கதிர்காமத்தில் கப்புறாளை என்ற பூசாரியின் பூசையைச் சிங்களக் கிராமத்தாரும் தோட்டத்துத் தமிழரும் ஒரே திரைச்சீலையின் முன்னால் நின்று கும்பிட்டார்கள். அன்றாட வாழ்வில், தாங்கள் இழந்த சேனைக்காட்டில் அந்நியர் வேலை செய்வதைக் கிராமத்தாரும், தங்களை அயலாராகவே நோக்கும் கிராமத்தைத் தோட்டத்தாரும் ஒதுங்கியே பார்த்துவந்த ஒரு பிரதேசத்தில், இது சாமானியமான செய்தியன்று.

சட்டத்தின் கண்ணுக்கு இந்தக் குடியிருப்பு எளிதில் தென்படவில்லை. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1931இல் நாட்டிலுள்ளோர் அனைவருக்கும் வாக்குரிமை என்று பேசப்பட்டபோது, தோட்டத்தாரிடம் மாத்திரம், நிலையாகக் குடியிருக்க எண்ணுவதாகச் சான்றிதழ் பெறவேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆயினும் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் வெற்றி பெற்றார்கள், அவர்களுள் எஸ். எம். சுப்பையா பதுளைத் தொகுதியிலிருந்து சென்றவர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தகப்பனாவது, பாட்டனும் பூட்டனுமாவது இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. அதை அடுத்து வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. மகளுக்குப் பரிசம் போடவும், தகப்பனாருக்குக் கருமாதி செய்யவும், குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டவும் ஊருக்குப் போய் நெடுநாள் தங்கிவந்தவை எல்லாம் அந்த ‘இடையறாது’ என்ற நிபந்தனையில் மாட்டிக்கொண்டன. விண்ணப்பித்தவர்கள் 8 லட்சத்துக்கு மேல். பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். பாட்டன் நட்ட தேயிலைத் தூர், பாட்டன் இருந்ததற்குச் சாட்சியாக எந்தக் கச்சேரியிலும் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேர் பத்தாண்டுகள் கழித்துச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதம் ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலரை முதலில் தங்கவைத்த இடம் மண்டபம் முகாம்! பாட்டனைப் பரிசோதித்து அனுப்பிய அதே கொட்டகைகளுக்குப் பேரன் எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தான். தாயகம் திரும்பியோர் என்று ஏடுகளில் எழுதப்பட்ட இவர்களுக்காகவே 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1975இல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் காடு திருத்திக் கன்று நட்டவர்களுக்குத் தொழில் புதிதன்று. கம்பளியும் கூடையும் குளிரும்கூடப் புதியவை அல்ல. புதிதாயிருந்தது, தாய்நாட்டிலேயே தங்களைச் ‘சிலோன்காரர்’ என்று மற்றவர்கள் அழைத்தது. கோதுமை மா ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் அவர்கள் விட்டுவிடவில்லை. கதிர்காமத்துக்கு நேர்ந்த நேர்த்திக்கடன்களைப் பழனியில் செலுத்தினார்கள். கடனாகவும் வியாபார உதவியாகவும் கொடுக்கப்பட்ட தொகையை வைத்துக்கொண்டு, மலையல்லாத மாவட்டங்களில் பெட்டிக்கடை போட்டுப் பிழைக்க முயன்றவர்களுள் பலர், பிறந்ததிலிருந்து கொழுந்தைத் தவிர வேறொரு தொழிலும் அறியாதவர்கள். அவர்களும் இறுதியில் கொடைக்கானலுக்கோ நீலகிரிக்கோ மலையைத் தேடிப் போய்விட்டார்கள்.

போகாமல் நின்றவர்களுக்கும், போக விண்ணப்பித்துக் கப்பல் நின்றுபோனதால் தங்கியவர்களுக்கும் எஞ்சியிருந்த பிரஜாவுரிமைச் சிக்கல், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் தீர்ந்தது. வாக்குச் சீட்டு வந்தது. காம்பரா மட்டும் தோட்டத்துக்கே சொந்தமாயிருந்தது. ஹல்துமுல்லைப் பிரிவைச் சேர்ந்த மீரியபெத்தையில், 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் தேதி காலையில், ஐப்பசி மழையில் ஊறிய மலை பெயர்ந்து லய வரிசைகளின் மேல் விழுந்து, அவற்றை மனிதரோடு மூடிவிட்டது. அந்தச் சரிவு அபாயமானதென்று கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. ஏன் விலகிப் போகவில்லை என்று அப்போது பலரும் கேட்டார்கள். போவதற்கு அவர்களுக்கென்று ஓர் அங்குல நிலமும் இருந்ததில்லை என்பதைக் கேட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. உயிர் தப்பியவர்கள் பூணாகலைப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நெடுங்காலம் தங்கியிருந்து, பிறகு தனித்தனியான புது வீடுகளுக்குப் போனார்கள். லயங்களை விட்டுவெளியேறும் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் காணியும் அதில் ஒரு வீடும் என்பது அதற்குப்பின் வந்த அரசாங்கத்தின் திட்டமாயிருந்தது. வீடுகள் சில எழும்பியிருக்கின்றன, காணிக்குரிய உறுதிப் பத்திரத்தை எதிர்பார்த்துப் பலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.