புதுச்சேரி சம்பா கோவில் சுவரும் கிறித்தவத் தாழ்மையும்

புதுச்சேரி மிசியோன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னை பேராலயத்தை நகர மக்கள் இன்றும் சம்பா கோவில் என்றே அழைக்கின்றனர். புனித பவுல் பெயரால் அமைந்த ‘சான் பவுல் கோவில்’ என்பதே நாளடைவில் இவ்வாறு திரிந்ததாகச் சொல்வர். இன்று காணும் கட்டடம் 1791இல் அருச்சிக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே இருந்த கோவில் 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தபோது அழிந்துபோயிற்று. அழிந்த அந்தக் கோவிலுக்குள் ஒரு காலத்தில் ஒரு சுவர் இருந்தது. பறையர் சமூகக் கிறித்தவர்கள் சுவருக்கு ஒரு பக்கத்திலும், சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியரும் மறு பக்கத்திலும் நின்று ஒரே பூசையைக் கண்டனர்.

யோவான் நற்செய்தியில் இயேசு தம் இறுதி இரவுணவின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். அக்காலத்தில் அது வீட்டு அடிமையின் வேலை. பெரியவனாக விரும்புகிறவன் மற்றவருக்குப் பணிவிடை செய்யட்டும் என்பது அவர் போதனை. கிறித்தவத்தில் தாழ்மை என்பது அடக்கமான பேச்சு மட்டும் அன்று, அது யாருடைய காலடியில் குனிவது என்னும் கேள்வி. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குச் சாதி குறுக்கே நின்றது.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நோபிலி, ஐரோப்பிய உடையையும் உணவையும் கைவிட்டுக் காவி உடுத்தித் துறவியாக வாழ்ந்தார். பரங்கி என்ற பெயரோடு வந்தால் உயர்சாதியினர் அருகில் வரமாட்டார்கள் என்பதை அவர் கண்டறிந்திருந்தார். தம் நாட்டுப் பெருமையை உதறியது அவரளவில் தாழ்மைதான். ஆயினும் துறவிக் கோலத்தை மேற்கொண்டவர் சேரிக்குள் கால் வைக்க இயலாது. இந்த இடைவெளியை நிரப்ப இயேசு சபையினர் ‘பண்டார சுவாமிகள்’ என்னும் இன்னொரு பிரிவை ஏற்படுத்தினர். இவர்கள் எளிய சாதியினரிடையே நடமாடலாம். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் இப்பிரிவைச் சேர்ந்தவர். போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசருடன் வளர்ந்த ஒருவர் பண்டாரக் கோலத்தைத் தேர்ந்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இம்முறை பற்றிய வழக்கு புதுச்சேரியில்தான் வெடித்தது. நகரில் இயேசு சபையினருக்கும் கப்புச்சின் சபையினருக்கும் தமிழ்க் கிறித்தவர் பொறுப்பு யாருக்கு என்பதில் நெடுங்காலப் பூசல் இருந்தது. (பூசலில் எல்லாமே கொள்கை சார்ந்தவை என்று சொல்ல முடியாது.) சீனா செல்லும் வழியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1703 நவம்பரில் இங்கே வந்து இறங்கினார். ஏறத்தாழ எட்டு மாதங்கள் தங்கினார், அதில் பெரும் பகுதி நோயாகவே கிடந்தார். உள்நாட்டு மறைப்பணித் தளம் எதையும் அவர் நேரில் பார்த்ததில்லை. எனினும் 1704 சூன் 23 நாளிட்ட அவரது ஆணை, பின்னர் ‘மலபார் சடங்குகள்’ என்று பெயர் பெற்ற வழக்கின் அடிப்படை ஆயிற்று. தாலி, சாம்பல், குழந்தை மணம், திருமுழுக்கில் உமிழ்நீர் எனப் பலவற்றைப் பேசிய அந்த ஆணையில் ஒரு விதி தனித்து நிற்கிறது. நோயுற்ற பறையர்களின் குடிசைக்குக் குருக்கள் போகாமல் இருக்கக் கூடாது, அங்கேயே சென்று இறுதி அருளடையாளங்களைத் தர வேண்டும் என்பதே அது.

அதுவரை நடைமுறை வேறாக இருந்தது. சாகக் கிடப்பவரை வெளியே ஓரிடத்துக்குத் தூக்கி வரச் செய்து, குரு அங்கே சந்திப்பார். குடிசைக்குள் நுழைந்தது தெரிந்தால் உயர்சாதிக் கிறித்தவர் தம்மைவிட்டு விலகுவர், மறைப்பணியே குலையும் என்பது குருக்களின் வாதம். அந்த அச்சம் பொய்யானதன்று. ஆனால் அதன் விலையைச் செலுத்தியவர் பாயோடு தூக்கி வரப்பட்ட நோயாளி. சேரிக் குடிசையின் வாசல் தாழ்வானது, உள்ளே போக வேண்டுமானால் எவராயினும் குனிந்தே ஆக வேண்டும்.

இயேசு சபையினர் ஆணையைத் தளர்த்தக் கோரி உரோமுக்கு முறையிட்டனர். வழக்கு நாற்பது ஆண்டுகள் நீண்டது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணை பிறப்பித்து அதை முடித்து வைத்தார். பறையருக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கலாம் என்ற இயேசு சபையினரின் யோசனையை அவர் ஏற்றார். குடிசைக்கு இனிக் குரு வருவார், ஆனால் வருபவர் அதற்கென்றே ஒதுக்கப்பட்டவர்!

மறு ஆண்டே சம்பா கோவில் சுவர் விழுந்தது. இச்செய்தியைத் தந்தவர் கிறித்தவர் அல்லாத ஆனந்தரங்கப் பிள்ளை. 1745 அக்டோபர் நாட்குறிப்பில் அவர் எழுதியதன் சாரம் இது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் கோவிலில் சுவரைக் கண்டார். பறையர் கிறித்தவர்கள் பெரிய குருவிடம் சென்று, தாங்களும் உண்மையில் அவருடைய சீடர்கள் என்றால் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்று முறையிட்டனர். சுவர் அகற்றப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தனர். ஆளுநர் டூப்ளே குருக்கள் பக்கம் நின்று, எதிர்ப்பாளர் கூட்டம் கூடுவதைத் தடுத்தார்.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பெரும்பாலும் பாதிரியாரையே நாயகராக்குகின்றனர். பிள்ளையின் குறிப்பைக் கூர்ந்து பார்த்தால் முதலில் பேசியவர்கள் சுவருக்குப் பின்னால் நின்றவர்கள். ஆணையும் வாதமும் ஐரோப்பியர் கையில் இருந்த நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கோவிலுக்குள் தாங்கள் எங்கே நிற்பது என்பதை அவர்களே எழுப்பினர். பாதிரியாரின் நிலை அவ்வளவு தெளிவானதன்று. அதே நாட்களில் தலைமைத் துபாசி கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் ஒருவர் நகைகளும் மெல்லிய ஆடையும் வாசனைப் பூச்சுமாகக் கோவிலுக்கு வந்தபோது, அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பிரம்பால் அப்பெண்ணைக் குத்தி இழிவாகப் பேசி வெளியே அனுப்பினார் என்றும் பிள்ளை குறித்திருக்கிறார். சுவரை எடுத்தவர் கையில் பிரம்பு இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள், 1748 செப்டம்பரில், அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் டூப்ளேயின் ஆட்சியில் குருக்களின் முன்னிலையில் இடிக்கப்பட்டது. அதே திருச்சபையும் அரசும்தான் அங்கும் கைகோத்தன.

சுவர் விழுந்ததோடு பிரிவு போகவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாக இரு கால்சட்டைக் குழாய் போலக் கட்டிய கோவிலின் நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. புதுச்சேரி–கடலூர் உயர் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட விழுப்புரம் பகுதியின் எறையூரில், 2008 மார்ச்சில் வன்னியக் கிறித்தவர்களுக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். அங்கே தலித் மக்கள் கேட்டது தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக ஆக்க வேண்டும் என்பது. 1745இல் அதே சமூகத்தார் சுவரை எடுக்கச் சொன்னார்கள். 263 ஆண்டுகளுக்குப் பின் தங்களுக்கென்று தனிக் கோவில் கேட்டார்கள்.